வெளியார் துணைநூல்களும் ஆட்டமேசையின் உரிமையும்

பாத்திரமேற்பு ஆட்டங்களை ஆடுவோரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. ஆட்டத்தின் மூலவிதிகளை வெளியிட்ட நிறுவனத்தார் அல்லாத பிறர் எழுதி விற்கும் துணைநூல்களை மேசையில் அனுமதிக்கலாமா, கூடாதா என்பதே அது. "அதிகாரபூர்வ நூல்கள் மட்டுமே" என்று ஆட்டம் தொடங்குமுன்பே அறிவித்துவிடும் நடத்துநர்கள் பலர். அவ்வறிவிப்புக்குக் காரணம் கேட்டால், வெளியார் நூல்கள் ஆட்டத்தின் சமநிலையைக் குலைக்கும் என்பார்கள். தரம் குறைந்தவை என்பார்கள். உலகின் ஒருமை சிதையும் என்பார்கள். இம்மூன்றிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இம்மூன்றையும் சேர்த்து எடுத்தாலும் அந்த ஒற்றை வரித் தடைக்கு நியாயம் கிடைத்துவிடாது என்பது நமது கருத்து.

இலக்கியம் பேசும் இடத்தில் பகடையாட்டத்துக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். இவ்வாட்டம் பகடையாட்டம் மட்டுமன்று. ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் நடத்துநர், டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்தில் அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். நடத்துநர் சூழலை விவரிக்கிறார். பாத்திரங்கள் என்ன செய்கின்றன என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். விளைவு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது மட்டும் இருபது முகப் பகடை உருள்கிறது. முன்கூட்டி எழுதப்படாத ஒரு கதையைப் பலர் கூடி வாய்மொழியாகச் சொல்லிச் செல்லும் கலை இது. அக்கதைக்கு ஆசிரியர் யார், அதற்கு ஆதாரமான நூலைத் திருத்தவும் கூட்டவும் யாருக்கு உரிமை என்னும் வினாக்கள் இலக்கியத்தின் வினாக்களே.

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பகுத்துப் பார்த்த மரபு நம்முடையது. முதல்நூலோடு ஒத்துச் சென்று, சிற்சில வேறுபாடுகளும் கொண்டு வருவது வழிநூல்; ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, பிறவற்றில் தன்வழி செல்வது சார்புநூல். இப்பகுப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. வழிநூலும் சார்புநூலும் நூல் என்ற பெயருக்கு உரியவையே. முதல்நூலாசிரியரின் முத்திரை இல்லாமையால் அவை தள்ளப்படவில்லை. அவற்றின் தகுதி அவற்றை வாசித்தே முடிவு செய்யப்பட்டது. அட்டையில் உள்ள சின்னத்தைப் பார்த்து நூலின் தகுதியை முடிவு செய்யும் வழக்கம் ஆட்டமேசைக்கு எப்படி வந்தது என்று அறியச் சற்று வரலாறு பார்க்க வேண்டும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974இல் மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக வெளிவந்தது. வெளியிட்டது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் ஊரில் தொடங்கப்பட்ட டிஎஸ்ஆர் நிறுவனம். அம்மூன்றாம் புத்தகத்தின் முடிவுரை, மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்ற பொருளில் வாசகரிடம் ஆட்டத்தை ஒப்படைத்தது. ஒப்படைப்பு வெறும் உபசாரமாக நிற்கவில்லை. இன்று இவ்வாட்டத்தில் இருந்து பிரிக்கவே முடியாததாகத் தோன்றும் திருடன் என்னும் பாத்திரவகை அந்த மூன்று புத்தகங்களில் இல்லை. அதன் மூலக்கருத்து கலிஃபோர்னியாவின் ஆட்டக்காரர்களிடமிருந்து கைகாக்ஸுக்கு எட்டி, அவர் கையில் திருத்தம் பெற்று, 1975இல் வந்த கிரேஹாக் என்னும் முதல் துணைநூலில் இடம்பெற்றது. காடுகளில் திரியும் ரேஞ்சர் என்னும் பாத்திரவகையும் அப்படியே. ஜோ ஃபிஷர் என்ற வாசகர் எழுதி அனுப்ப, டிஎஸ்ஆர் நடத்திய தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ இதழில் 1975இல் அது அச்சேறியது. இன்று அதிகாரபூர்வம் என்று போற்றப்படுவதில் ஒரு பகுதி, முதலில் யாரோ ஒருவர் தம் வீட்டு மேசைக்கென்று எழுதிக்கொண்டது.

நிறுவனத்துக்கு வெளியே துணைநூல் எழுதி விற்கும் தொழிலும் உடனே தொடங்கிவிட்டது. இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் பாப் பிளெட்சாவும் பில் ஓவனும் 1976இல் ஜட்ஜஸ் கில்டைத் தொடங்கினார்கள். அவர்கள் வெளியிட்ட 'சிட்டி ஸ்டேட் ஆஃப் தி இன்வின்சிபிள் ஓவர்லார்ட்' ஒரு முழு நகரத்தைத் தெருத்தெருவாக, கடைகடையாக வரைந்து கொடுத்தது. விதிகள் மட்டும் கையில் இருந்து, அவற்றைக் கொண்டு எங்கே ஆடுவது என்று திகைத்த நடத்துநர்களுக்கு அது கிடைத்தற்கரிய உதவி. டிஎஸ்ஆரின் அனுமதியோடு அவர்கள் தொடர்ந்து வெளியிட்டார்கள். எல்லோருக்கும் அந்த நல்வரவு கிடைக்கவில்லை. டேவ் ஹார்கிரேவ் 1977இல் வெளியிட்ட 'ஆர்டுயின் கிரிமுவா'ருக்கு டிஎஸ்ஆரின் எதிர்ப்பே கிடைத்தது. 1979இல் மேம்பட்ட பதிப்பின் நடத்துநர் கையேட்டை எழுதிய கைகாக்ஸ், எல்லா மேசைகளிலும் விதிகள் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நீங்களே கற்பனை செய்யுங்கள் என்ற அழைப்புக்கும் இந்த வலியுறுத்தலுக்கும் இடையே கடந்தவை ஐந்தே ஆண்டுகள். ஆட்டம் பெருவணிகம் ஆனதும் அந்த ஐந்தாண்டுகளில்தான்.

அடுத்த கட்டம் நீதிமன்றம். மேஃபேர் கேம்ஸ் நிறுவனம் 1982 முதல் 'ரோல் எய்ட்ஸ்' என்ற பெயரில் வெளியிட்ட துணைநூல் வரிசை தொடர்பாக 1984இல் இரு நிறுவனங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பின்னர் பிணக்கு முற்றி வழக்காயிற்று. 1993இல் வந்த தீர்ப்பு, சில நூல்களில் ஒப்பந்தம் மீறப்பட்டதாகக் கண்டது. வரிசை முழுவதையும் தவறென்று சொல்லவில்லை. அதன்பின் டிஎஸ்ஆர் அவ்வரிசையின் உரிமையையே விலைகொடுத்து வாங்கி நிறுத்திவிட்டது. இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஓர் ஆட்டத்தை ஆடும் முறைக்குக் காப்பு அளிப்பதில்லை. அம்முறையை விவரிக்கும் சொற்களுக்கும் ஓவியங்களுக்கும் மட்டுமே அளிக்கிறது. எனவே, துணைநூல் எழுதுவது குற்றம் என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஆனால் வழக்குச் செலவைத் தாங்கும் வலிமை சிறு பதிப்பாளருக்கு இருந்ததும் இல்லை. "அதிகாரபூர்வம்" என்ற சொல்லின் பெருமையில் ஒரு பங்கு தரத்தால் வந்தது; மற்றொரு பங்கு இந்த அச்சத்தால் வந்தது.

டிஎஸ்ஆர் நொடித்துப்போய் 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது; அந்நிறுவனத்தை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு வந்தபோது, ரயன் டான்சி என்பவரின் முயற்சியால் திறந்த ஆட்ட உரிமம் அறிவிக்கப்பட்டது. விதிகளின் சாரத்தைத் தனி ஆவணமாக வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம், அதன்மேல் எழுதி விற்கலாம், கப்பம் கட்ட வேண்டியதில்லை என்றது அவ்வுரிமம். எழுதுபவர் தம் நூலில் எப்பகுதி பிறருக்குத் திறந்தது, எப்பகுதி தமக்கே உரியது என்று பிரித்துக் காட்ட வேண்டும், உரிமத்தின் வாசகத்தை நூலில் அச்சிட வேண்டும், அவ்வளவே. டான்சியின் கணக்கு எளியது. பிறர் எழுதும் ஒவ்வொரு துணைநூலும் மூலவிதிநூலை வாங்கவைக்கும் விளம்பரம். மூன்றாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு வெளியான அதே விழாவில் கிரீன் ரோனின் நிறுவனத்தின் 'டெத் இன் ஃப்ரீபோர்ட்' விற்பனைக்கு வந்துவிட்டது. எழுதியவர் கிரிஸ் பிரமாஸ். கடற்கொள்ளையர் நகரமான ஃப்ரீபோர்ட் அதன்பின் பல பதிப்புகள் கண்டது.

திறந்த கதவு வழியாக நல்லதும் வந்தது, குப்பையும் வந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. அவ்வாண்டுகளில் கடைகளின் அலமாரிகள் அவசரத்தில் எழுதப்பட்ட, ஆடிப் பார்க்கப்படாத நூல்களால் நிறைந்தன. 2003இல் மூலவிதிகள் திருத்தப்பட்டு மூன்றரைப் பதிப்பு வந்ததும், பழைய விதிகளுக்கு எழுதப்பட்டவை விற்காமல் தேங்கின. பல பதிப்பகங்கள் மூடின. வெளியார் நூல் என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் அக்காலத்தில் சூடுபட்டவர்களிடம் இருந்து வந்தது. அவர்களது கசப்பு நியாயமானதே.

ஆனால் தரம் என்ற வாதத்தை எடுப்பவர்கள் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். அதிகாரபூர்வ நூலே மூன்றாண்டுகளில் திருத்தப்பட வேண்டியிருந்தது என்பதை மேலே கண்டோம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ரேஞ்சர் வகை வலுவற்றதாக அமைந்துவிட்டது என்ற முறையீடு தொடர்ந்து எழுந்து, 2016இல் நிறுவனமே சோதனைநிலைத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. 2020இல் 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' நூலில் மாற்றுத் திறன்களைச் சேர்த்தது. முத்திரை இருந்தும் பிழை இருந்தது. இனி, முத்திரைக்கு உள்ளேயும் வெளியேயும் எழுதும் கைகள் வெவ்வேறா? ஐந்தாம் பதிப்பின் முதல் பெருஞ்சாகச நூலான 'ஹோர்ட் ஆஃப் தி டிராகன் குயீன்' (2014) விசார்ட்ஸ் நிறுவனத்துக்காகக் கோபோல்ட் பிரஸ் எழுதிக் கொடுத்தது. அதே கோபோல்ட் பிரஸ் 2016இல் தன் பெயரில் 'டோம் ஆஃப் பீஸ்ட்ஸ்' வெளியிட்டால் அது வெளியார் நூல். மாத்தியூ மெர்சர் தம் உலகைப் பற்றி எழுதிய 'டால்டோரே' நூல் 2017இல் கிரீன் ரோனின் வழியே வந்தபோது வெளியார் நூல். அதே உலகின் மற்றொரு கண்டத்தைப் பற்றிய 'வைல்ட்மவுண்ட்' நூல் 2020இல் விசார்ட்ஸ் வழியே வந்தபோது அதிகாரபூர்வம். எழுதியவர் ஒருவரே, உலகமும் ஒன்றே. முன்னதைத் தடுத்துப் பின்னதை ஏற்கும் மேசை, நூலைப் படித்துப் பார்த்து அம்முடிவுக்கு வந்ததாகச் சொல்ல முடியுமா?

சமநிலை பற்றிய வாதம் இதைவிட வலுவானது. அதைக் கணக்கோடு எதிர்கொள்வதே முறை. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு கூட்டல் ஒன்றும் வெற்றி வாய்ப்பை நூற்றுக்கு ஐந்து உயர்த்தும். ஐந்தாம் பதிப்பு எண்களைக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. முதல் நிலையில் ஒரு பாத்திரத்தின் தேர்ச்சிக் கூட்டல் 2. பதினேழாம் நிலையை எட்டும்போதும் அது 6 மட்டுமே. மந்திர வாளுக்கு நடத்துநர் கையேடு தரும் உச்சக் கூட்டல் 3. இந்த அமைப்புக்குள் ஒரு வெளியார் நூல் கூட்டல் 5 கொண்ட வாளைக் கொடுத்தால், வாள் ஒன்றே வெற்றி வாய்ப்பை நூற்றுக்கு இருபத்தைந்து ஏற்றிவிடும். பதினாறு நிலைகள் ஏறித் தேர்ச்சியில் பெறும் வளர்ச்சியைவிட அது அதிகம். அதன்பின் வாள் ஏந்தியவருக்கு ஏறத்தாழ எல்லா அடியும் படும். அருகில் இருப்பவர் வேடிக்கை பார்ப்பார். இத்தகைய நூலை நடத்துநர் மறுப்பது முற்றிலும் சரி. ஆனால் இக்கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும் என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கத்தைத் திறந்து பார்த்தால் புலப்படும் குற்றத்துக்காகத் திறக்காத நூல்கள் அனைத்தையும் தண்டிப்பானேன்?

மேலும், துணைநூலில் வரும் பொருள்கள் எல்லாம் ஒரே அளவு ஆபத்து உடையவை அல்ல. எது எவ்வளவு காலம் மேசையில் தங்கும் என்பதே இதில் முக்கியம் என்று நாம் கருதுகிறோம். ஓர் அரக்கன் ஒரு மாலைப்பொழுது வாழ்கிறான். அவன் வலிமை கணக்குத் தப்பியிருந்தால் நடத்துநர் அப்போதே குறைத்துக்கொள்ளலாம்; ஆட்டக்காரர் அறியவும் மாட்டார். ஒரு நகரமோ சாகசமோ சில மாதங்கள் தங்கும்; அதில் எண்கள் குறைவு, மனிதர்களும் இடங்களும் அதிகம்; சமநிலைக்கு அதனால் பெருந்தீங்கு நேராது. மந்திரமும் மந்திரப் பொருளும் ஆட்டக்காரர் கையில் நிரந்தரமாகத் தங்குபவை. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். பாத்திரவகையோ ஆட்டத்தின் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒவ்வொரு சுற்றிலும் செயல்படுவது; ஒருமுறை ஏற்றுக்கொண்டால் நடுவில் பறிப்பது அதை ஏற்று ஆடியவருக்கு மனவருத்தம் தரும். எனவே அரக்கனுக்கும் ஊருக்கும் கதவைத் தாராளமாகத் திறக்கலாம். மந்திரத்துக்குப் பாதி திறக்கலாம். பாத்திரவகைக்குச் சாவி நடத்துநரிடமே இருக்கட்டும். "அதிகாரபூர்வம் மட்டும்" என்னும் விதி இந்நான்கையும் ஒரே பூட்டில் அடைத்துவிடுகிறது.

அடைப்பதால் இழப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். டிரால் என்னும் அரக்கன் வெட்டினாலும் தானே ஆறிக்கொள்பவன். தீயாலோ அமிலத்தாலோ சுட்டால்தான் சாவான். இதை முதன்முதலில் எதிர்கொண்ட ஆட்டக்காரர் அடைந்த திகைப்பை எண்ணிப் பாருங்கள். வெட்டிய இடம் கண்ணெதிரே கூடுகிறது. ஓடுவதா, நிற்பதா என்ற குழப்பம், யாரோ ஒருவர் தீப்பந்தத்தை நீட்டிப் பார்க்கிறார், விடை கிடைக்கிறது. அவ்வனுபவம் இன்று அதே நூலை வாசித்து முடித்த ஆட்டக்காரருக்குக் கிடைக்காது. டிரால் என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் தீயைத் தேடுகிறார்கள். மூலநூலின் அரக்கர்கள் அனைவரும் இப்படி மனப்பாடமாகிவிட்டார்கள். 'டோம் ஆஃப் பீஸ்ட்ஸ்' நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைத் தருகிறது. அவற்றுள் பத்தை எடுத்தாலும், மேசையைச் சுற்றியிருப்பவர்கள் மீண்டும் அறியாதவர்களாகிறார்கள். வியப்பை முன்னிட்டுத் தொடங்கிய கலையில் இது சிறு லாபமன்று.

உலகின் ஒருமை பற்றிய மூன்றாம் வாதம் இலக்கிய வாசகருக்கு நெருக்கமானது. பழைய நூல்களில் பிற்காலத்தார் கைச்சரக்கு புகுந்ததை இடைச்செருகல் என்று கண்டு ஒதுக்கப் பழகியவர்கள் நாம். ஒரு துறைமுக நகரத்துக் கதையில் எங்கிருந்தோ வந்த விண்கலம் இறங்கினால் மனம் ஒப்பாது என்பது உண்மை. ஆனால் இடைச்செருகலைக் குற்றமென்று சொல்ல, முன்பே முடிந்துவிட்ட ஒரு மூலபாடம் வேண்டும். ஆட்டமேசையின் கதைக்கு அத்தகைய மூலபாடம் இல்லை. அது இன்னும் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. எது பொருந்தும், எது துருத்தும் என்று தீர்ப்பவர் சொல்பவர்களே. அதிகாரபூர்வ நூல்களிலும் ஒன்றுக்கொன்று ஒட்டாத உலகங்கள் பல இருக்கின்றன. அவற்றையும் நடத்துநர் தேர்ந்தே எடுக்கிறார். தேர்வு எப்படியும் தப்பாது. அதை ஒரு நிறுவனத்தின் பட்டியலுக்கு விட்டுவிடுவதால் ஒருமை வந்துவிடாது.

இது வெறும் மேசை வழக்கன்று என்பதை 2023 காட்டியது. அவ்வாண்டு ஜனவரியில், திறந்த ஆட்ட உரிமத்துக்குப் பதிலாக விசார்ட்ஸ் நிறுவனம் கொண்டுவர எண்ணிய புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது என்றும், ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைத் தாண்டும் பதிப்பாளர் அதற்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு 25 வரை செலுத்த வேண்டும் என்றும் அவ்வரைவு கூறியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த உரிமத்தை நம்பிப் பிழைப்பு நடத்தியவர்கள் ஒரே நாளில் நிலைகுலைந்தார்கள். எதிர்ப்பு மூண்டது. பின்னர் நிறுவனம் நடத்திய கருத்துக்கேட்பில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மறுமொழி அளித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 88 பேர் திருத்திய புதிய உரிமத்தின்கீழ் நூல் வெளியிட விரும்பவில்லை என்றனர். ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் விதிச்சாரத்தைத் திரும்பப் பெற இயலாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அதற்குள் பைசோ நிறுவனம் ஓஆர்சி என்னும் மாற்று உரிமத்தை அறிவித்திருந்தது. கோபோல்ட் பிரஸ் தனக்கென்று ஓர் ஆட்டத்தையே எழுதத் தொடங்கி, 2024இல் 'டேல்ஸ் ஆஃப் தி வேலியன்ட்' என்ற பெயரில் வெளியிட்டது.

அன்று பின்வாங்கச் செய்தது நீதிமன்றம் அன்று. துணைநூல்களை வாங்கி, வாசித்து, தம் மேசையில் ஆடி வந்தவர்கள். வெளியார் நூலுக்கு எந்த மேசையிலும் இடமில்லை என்ற நிலை இருந்திருந்தால் அவ்வரைவை எதிர்க்க யார் இருந்திருப்பார்கள்? "அதிகாரபூர்வம் மட்டும்" என்று நடத்துநர் ஒருவர் சொல்லும்போது, தம் வசதிக்காகச் சொல்கிறார், தவறில்லை. எல்லா நடத்துநரும் அதையே சொன்னால், ஆட்டத்தின் எதிர்காலத்தை ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கறிக்கையிடம் கொடுத்துவிட்டவர்கள் ஆவோம்.

ஆகவே நாம் வேண்டுவது கண்ணை மூடிய அனுமதியும் அன்று, கண்ணை மூடிய தடையும் அன்று. வெளியார் நூலைக் கொண்டுவர விரும்பும் ஆட்டக்காரர் அதை முன்கூட்டியே நடத்துநரிடம் கொடுக்கட்டும்; ஆட்டத்தின் நடுவில் பக்கத்தைத் திறந்து காட்டி வாதாடுவது நாகரிகமன்று. நடத்துநர் வாசிக்கட்டும், மறுப்பதானால் எப்பக்கத்து எவ்விதிக்காக என்று சொல்லட்டும். ஒரு நேரத்தில் ஒரு நூல் போதும். இரண்டு வெளியார் நூல்கள் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை, அவை கலக்குமிடத்தில்தான் பெரும்பாலான விபத்துகள் நேர்கின்றன. மூன்று நான்கு அமர்வுகள் சோதனைக் காலம் என்று முதலிலேயே பேசிக்கொண்டால், விலக்க நேரும்போது எவர் மனமும் புண்படாது. நூலை விலை கொடுத்து வாங்குங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்துறையின் பதிப்பகங்கள் பலவும் ஓரிருவர் உழைப்பில் நடப்பவை. களவுப் படியை வைத்துக்கொண்டு திறந்த உரிமத்தின் பெருமை பேசுவது பொருந்தாது.

இவ்வளவும் செய்தபின் ஒரு நூல் தகாது என்று மேசை முடிவு செய்தால், அது அம்மேசையின் தீர்ப்பு, அதை மதிப்போம். வாசித்துப் பார்த்து மறுக்கப்பட்ட நூலுக்கு அதன் ஆசிரியரும் வருந்தமாட்டார்.